பாவாடை கட்டின பொம்மை கேக்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பார்சல் வந்து சேந்துச்சு, பாவாடை சட்டையும் உன் லெட்டரும். எடுத்த எடுப்புலயே "உயிரோட இருக்கியாட்டி"ன்னு கேட்டிருக்க. இருக்கேன்க்கா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். போன்ல பேசலாம்னு பாத்தா நீங்க ராத்திரி சாப்பிட்டு கைய கழுவிட்டு ஒம்பது மணிக்கு போடுதீங்க, இங்க அப்ப ஒன்றரை மணி, பெரியவன் முழிச்சான்னா பொறவு தூங்க மாட்டான். அம்மா வேற லெட்டர்னா எடுத்து எடுத்து படிக்கலாம்னு சொன்னாளாமே, அதனால பாப்பா பொறந்தநாள் கதைய மொத்தமா எழுதுதேன், அத்தான்ட்ட சொல்லி பிரிண்ட் எடுத்து அம்மாட்ட குடு. கடைசி பக்கம் மட்டும் உனக்கு, அத குடுக்காத.

முதல்ல குளிரு, அம்மா அததான் கேப்பா. மெல்பர்ன்ல பனியெல்லாம் கொட்டாது, படத்துல பாக்குத மாதிரி நெனச்சுக்கிட வேண்டாம்னு சொல்லு. ஆனா ஜூலை மாசம் விடியக்காலைல அஞ்சு ஆறு டிகிரிக்கு வந்துரும், வீடுக பலகை வீடு, வெளிய என்ன குளிரோ உள்ளயும் அதே குளிருதான். ஹீட்டர் இருக்கு, போட்டா பிள்ளைகளுக்கு மூக்கு வறண்டு ரத்தம் வருது, அதனால போடுததில்ல. எல்லாரும் ஒரே ரூம்ல படுத்துக்கிடுதோம், கதகதன்னு இருக்கு. இவுகளும் இப்ப கொஞ்ச நாளா பகல்ல வீட்டுலதான் இருக்காக, கம்பெனில ஷிப்ட் கம்மி பண்ணிருக்காங்க. நல்லதுதான், பெரியவனுக்கு கணக்கு சொல்லி குடுக்க ஆள் ஆச்சு.

பாப்பா ரெண்டு மாசமா பொம்மை கேக் பொம்மை கேக்னு ஒரே பாட்டு. கிண்டர்ல, அதான் நம்ம ஊர் எல்கேஜி மாதிரி, எவளோ ஒருத்திக்கு அவ அம்மா வாங்கி குடுத்திருக்கா, நடுவுல பொம்மை நிக்கும், கேக்தான் அதுக்கு கவுன். கடையில விசாரிச்சேன், 200 டாலர்னா. காசு ஒண்ணும் பிரச்சினை இல்ல, ஆனா கடையில செய்யுததுல என்ன இருக்கு, மேல பூரா சர்க்கரை மாவ சப்பாத்தி கணக்கா தேச்சு மூடிருதாங்க, வாயில வச்சா மெழுகு. நாமளே செய்வோம்னுட்டேன்.

இங்க பொறந்தநாள் கேக்க வீட்டுல செய்யுததுதான் வழக்கமே. 1980ல வந்த ஒரு கேக் புஸ்தகம் இருக்கு, இந்த ஊர்ல வளந்தவங்க எல்லாருக்கும் அதுல இருந்து ஒரு கேக்காவது அவங்க அம்மா செஞ்சு குடுத்திருப்பா. ரயில் கேக், ஜெல்லிய ஊத்தி நீச்சல் குளம் கேக், ஒரு வாத்து கேக், அந்த வாத்துக்கு மூக்கு என்ன தெரியுமா, உருளக்கிழங்கு சிப்ஸ்! கேக்ல சிப்ஸ குத்தி வச்சிருக்கா புண்ணியவதி. பொம்மை கேக்கும் உண்டு. அதுக்குன்னே கூம்பா ஒரு தகர அச்சு விக்குது, டாலி வார்டன் டின்னுனு பேரு, அந்த காலத்து கதையில வார பூப்போட்ட கவுன்காரி பேராம். இதெல்லாம் எனக்கு சொன்னது யாருன்னா நம்ம அரை டவுசர் பாட்டி.

அவள பத்தி போன்ல சொல்லிருக்கேன்ல, பக்கத்து வீட்டுக்காரி, எண்பது வயசு இருக்கும், இந்த குளிருலயும் முட்டிக்கு மேல டவுசர போட்டுக்கிட்டு ரோஜா செடிய வெட்டிக்கிட்டு நிப்பா. குப்பை வண்டி வாரதுக்கு முந்துன ராத்திரி டார்ச் அடிச்சு தெருவுல எல்லார் தொட்டியயும் பாத்துக்கிட்டே வருவா, மறுசுழற்சி சாமான் போடுத மஞ்ச மூடி தொட்டியில வேற குப்பை கெடந்தா கதவ தட்டிருவா. வந்த புதுசுல எனக்கு அவள கண்டாலே ஆகாது. அவ வீட்டுல எலுமிச்ச மரம் இருக்கு, இந்த மாசத்துல காய்ச்சு கொட்டும், பையில போட்டு நம்ம வாசல்ல வச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லாம போயிருவா. உள்ள வான்னா வரமாட்டா, வாசப்படியிலயே நின்னு பேசுவா. ஒரு நாள் சளியா இருக்குன்னா, மிளகு ரசம் குடுத்தேன், டீ குடிக்குத கப்புல ஊத்தி நின்ன வாக்குல குடிச்சிட்டு "லவ்லி லவ்"ன்னுட்டு போனா. அதுல இருந்து வாரத்துக்கு ஒருக்கா அவளுக்கு ரசம் உண்டு. மக பெர்த்ல இருக்கா, அது நம்ம தூத்துக்குடிக்கும் டெல்லிக்கும் உள்ளத விட தூரம், வருசத்துக்கு ஒருக்கா வந்தா பெருசு.

பொம்மை கேக்னு நான் வாயத் தொறந்ததும் வீட்டுக்குள்ள போயி ஒரு பழைய டின்ன எடுத்துட்டு வந்துட்டா, மக சின்னப்பிள்ளையா இருக்கும்போது செஞ்சதாம். கூடவே அளவு எழுதின அட்டை, ஓரத்துல வெண்ண கறை. 250 கிராம் பட்டர், நாலு முட்டை, ரெண்டரை கப் செல்ஃப் ரைஸிங் மாவு, அதுல பேக்கிங் பவுடர் ஏற்கனவே கலந்தே வரும். நீ குடுத்து விட்ட ஸ்பூன் செட்ட பாத்துட்டு இது ஆகாதுன்னுட்டா, இங்க டேபிள்ஸ்பூன்னா 20 மில்லி, நம்மளுது 15. நானா இருந்தா கண்ணால பாத்தே போட்டுருப்பேன், அவட்ட அது நடக்குமா.

பொம்மை வாங்குனது பழைய சாமான் கடையில, ரெண்டு டாலர். துணி இல்ல, தலை சடை புடிச்சு கெடந்துச்சு. ஷாம்பூ போட்டு அலசி, துணிக்கு போடுத கண்டிஷனர்ல ஊற வச்சு சீவுனேன், நல்லா மினுமினுன்னு ஆயிருச்சு. பாட்டி ஸ்கேல கொண்டு வந்து பொம்மை கால அளக்கா! இடுப்புக்கு கீழ உள்ள கால் கேக்க விட ஒசரம், அப்படியே சொருகுனா கேக்குக்கு மேலயும் கால் நீட்டிக்கிட்டு நிக்கும், அதனால அடியில ஒரு வட்ட கேக் தனியா வேணும்னு கணக்கு போட்டு சொன்னா. கால பிளாஸ்டிக் பேப்பர்ல சுத்திட்டுத்தான் எறக்கணுமாம்.

பட்டர் இளகவே இல்லக்கா. நம்ம ஊர்ல வெளிய எடுத்து வச்சு திரும்புததுக்குள்ள நெய்யா ஓடும், இங்க காலைல எடுத்து வச்சது சாயங்காலம் வரை கல்லு. பொறவு ரைஸ் குக்கர்ல சோறு வச்சு அது மூடி மேல சட்டிய ஏத்தி வச்சேன், அப்பதான் வழிக்கு வந்துச்சு. அச்சு ஆழம், அடுப்பு சூடு கூடுனா மேல கருகி நடுவுல மாவா நிக்கும், 160ல வச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல வெந்துச்சு. வாசனை வந்ததும் பெரியவன் அடுப்பு முன்னாடியே பாய விரிச்சு உக்காந்துட்டான், அங்கதான கதகதப்பு.

இனிமதான் விசயம். பாப்பாவுக்கு நீல கவுன் வேணும். எனக்கு என்னன்னா, நீ அனுப்புன அரக்கு பாவாடைய அவ போட்டுக்கிட்டு நிக்கும்போது பொம்மையும் அதே பாவாடை கட்டி நிக்கணும். சின்ன வயசுல நமக்கு ஒரே துணியில அம்மா தச்சு குடுப்பா, நீ ஒண்ணு நான் ஒண்ணு, ஊருக்கே ஒரே கலர்ல போவோம்ல. பாப்பாட்ட பேசிப் பேசி, ரெட்டை ஜடை போட்டு பூ வச்சு விடுதேன், பொட்டு வச்சு விடுதேன்னு சொல்லி சம்மதிக்க வச்சேன்.

ஆனா பட்டர் ஐஸிங்ல அரக்கு கொண்டு வாரது லேசு இல்ல. பட்டருக்கு ரெண்டு பங்கு ஐஸிங் சுகர், அரை கிலோவ தட்டுல கொட்டுனேன், நம்ம உப்பளத்து அம்பாரம் அப்படியே கண்ணுக்கு முன்னாடி. செவப்பு சாயம் போட்டா ரோஸ்தான் வருது, இன்னும் ஊத்துனா கசந்துரும். பாட்டிதான் சொன்னா, முதல்ல கொக்கோ பவுடர கொஞ்சம் கலந்துட்டு அது மேல செவப்ப போடு, ராத்திரி பூரா மூடி வை, காலைல கலர் தானா ஏறி நிக்கும்னு. சொன்ன மாதிரியே ஏறிருச்சு, அசல் அரக்கு. பார்டருக்கு கஸ்டர்ட் பவுடர் கலந்து மஞ்ச, நட்சத்திர நாசில வச்சு கீழ சுத்தி ரெண்டு வரி, நடுவுல வெள்ளி உருண்டைய வச்சு புட்டா. சட்டைய பொம்மை மேலயே பிழிஞ்சேன், பஃப் கையோட. மஞ்ச முடியில ரெட்டை ஜடை, வெள்ளை ஐஸிங்ல பிச்சிப்பூ, நெத்தியில செவப்பு பொட்டு. வெள்ளக்காரி திருச்செந்தூருக்கு பாதயாத்திரை போற மாதிரி இருக்குன்னு இவுக சிரிச்சாக.

பார்டர் பிழிஞ்சு முடிக்கும்போது ராத்திரி பன்னெண்டு இருக்கும். எல்லாரும் தூங்கிட்டாங்க. போன சுவத்துல சாத்தி வச்சு நம்ம ஊர் பனிமய மாதா கோயில் கொடியேத்த வீடியோவ போட்டேன், ஜூலை 26 வந்து போனது கூட எனக்கு தெரியல பாத்துக்கோ, யாரோ அனுப்பித்தான் பாத்தேன். சத்தத்த கொறச்சுதான் வச்சேன். பீச் ரோட்டுல அந்த கூட்டம், வெயிலு, துறைமுகத்துல இருந்து கப்பல் சங்கு அடிச்சதும் ஜனம் கைதட்டுதது, ஓரத்துல பலூன்காரன். நீயும் நானும் ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு போயிட்டு ராட்டினத்துல ஏறுனதும் நீ வாந்தி எடுத்ததும் அப்பா மக்ரூன் பொட்டலத்த சட்டைக்குள்ள மறச்சு கொண்டு வந்ததும் எல்லாம் ஒரே நேரத்துல வந்துருச்சு. கை ரெண்டுலயும் பட்டர், கண்ண தொடைக்கவும் முடியல, தோள்ல தேச்சு தேச்சு பிழிஞ்சேன். அந்த பக்கம் பார்டர் கொஞ்சம் கோணல்தான், செவுத்து பக்கமா திருப்பி வச்சுட்டேன். அம்மா இத படிச்சா சாமான் கழுவுத சோப்பு கண்ணுல பட்டுச்சுன்னு சொல்லு.

பொறந்தநாளுக்கு கிண்டர்ல எல்லா பிள்ளைகளுக்கும் சொல்லிருந்தேன். அன்னைக்கு நல்ல மழை, கொஞ்சம் பேருதான் வந்தாங்க, அதுவும் நல்லதுதான், வீடு சின்னதுல்லா. ரொட்டியில வெண்ணய தடவி மேல கலர் கலரா சர்க்கரை மணிய தூவுனா இங்க பிள்ளைகளுக்கு அது விருந்து, ஃபேரி பிரட்னு பேரு, செலவே இல்ல. நான் கூட சேர்த்து உளுந்த வடையும் போட்டேன், வடைய வந்த அம்மாமாருக மட்டும் தின்னாங்க. பாட்டி முதல் தடவையா வீட்டுக்குள்ள வந்தா! டவுசர் இல்ல, கவுன் போட்டு, லிப்ஸ்டிக் வேற. கேக்க சுத்தி சுத்தி பாத்துட்டு பாப்பா பாவாடை பார்டரயும் தொட்டு பாத்தா, எங்க அக்கா தச்சு அனுப்புனதுன்னேன், யந்திரமா கைத்தையலான்னு கேக்கா. அடுத்த தடவை தைக்கும்போது அவளுக்கு ஒரு தலகாணி உறை தச்சு போடுதியா, இதே துணியில மிச்சம் இருந்தா.

கேக்க வெட்டுத நேரத்துல பாப்பா கத்திய கீழ போட்டுட்டு ஓன்னு அழுகை, பாவாடைய வெட்டக்கூடாதாம், பொம்மைக்கு வலிக்குமாம். வந்த பிள்ளைக எல்லாம் முழிக்கு. பாட்டிதான் கேக்க திருப்பி வச்சு, பின்னாடி கோணலா இருந்த எடத்த காட்டி, இங்க வெட்டுனா முன்னாடி தெரியாதுன்னு கைய புடிச்சு வெட்ட வச்சா. பிள்ளைக ஐஸிங்க நக்கிட்டு கேக்க தட்டுல விட்டுட்டு போயிருச்சுக, எங்க போனாலும் பிள்ளைக பிள்ளைகதான். ருசி நல்லா இருந்துச்சுக்கா, நம்ம ஊர் பேக்கரி ரோஜாப்பூ கேக் மேலண்ணத்துல ஒட்டுமே அந்த மாதிரி இல்ல, சட்டுனு கரஞ்சிருச்சு. மிச்சம் நாலு நாளைக்கு டிபனுக்கு ஆச்சு. பொம்மைய கழுவி குடுத்துட்டேன், இப்ப துணி இல்லாம அதே ரெட்டை ஜடையோட பாப்பா பக்கத்துல படுத்து கெடக்கு, துண்டு துணி இருந்தா அதுக்கும் ஒரு பாவாடை.

சரி, இங்க இருந்து உனக்கு மட்டும்.

வீட்ட விக்கிற விசயமா தம்பி பேசுனான். அப்பா கட்டுன வீடு, அம்மா இருக்குத வரைக்கும் வேண்டாம்னுதான் எனக்கும் மனசு. ஆனா ஓடு பூரா ஒழுகுது, அம்மாவும் உன் வீட்டுல இருக்கதுக்கு சம்மதம்னு எழுதிருக்க, அப்படின்னா நான் எதுக்கு குறுக்க நிக்கணும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, ஆனா பார்ட்டி அட்வான்ஸ் எப்ப குடுப்பான், பத்திரம் எந்த மாசம் ஆகும்னு மட்டும் தம்பிட்ட கேட்டு சொல்லு, சும்மா தெரிஞ்சுக்கத்தான். பவர் உன் பேருக்கே குடுத்துருதேன், தம்பி பேருக்கு வேண்டாம், அவன் பொண்டாட்டிக்கு இன்னைக்கு ஒரு மனசு நாளைக்கு ஒரு மனசு. வக்கீல்ட்ட சொல்லி சர்வே நம்பரோட டிராப்ட் எழுதி அனுப்ப சொல்லு, நான் இங்க கான்சுலேட்ல கையெழுத்து போட்டு அட்டெஸ்ட் பண்ணி அனுப்புதேன். அது கைக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள அங்க ஸ்டாம்ப் பண்ணிரணும், பீரோவுல வச்சு மறந்துராத, அத்தானுக்கு அந்த பழக்கம் உண்டு.

அம்மா கண் ஆபரேசன தள்ளி போடாதீங்க, வெயில் கொறையட்டும்னு அவ சொல்லுவா, கேக்காதீங்க. என் பங்கு பணம் வரும், கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் வரும்.

சின்ன சித்தி மக கல்யாணத்துக்கு என் பேருல ஆயிரத்தொண்ணு எழுதிரு. சீட்டு பணமும் இந்த மாசம் நீயே கட்டிரு அக்கா, அத்தானுக்கு தெரிய வேண்டாம், அடுத்த மாசம் சேத்து போடுதேன்.

பாப்பாவுக்கு பாவாடை நீளம் சரியா இருக்கு, சட்டை அக்குள்ல புடிக்குது, அடுத்ததுக்கு அரை இன்ச் கூட்டி வெட்டு.

உன் தங்கச்சி