எந்தப் பருமனுக்கு உடைப்பது?

ஐயா,

சமையல் பக்கங்களில் 'அரிசியைப் பொடித்துக்கொள்ளவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்தப் பருமனுக்கு என்று சொல்வதில்லை. அரைவை மில்லில் உடைந்து விழுவது நொய். பல ஊர்களில் குருணை. கஞ்சிக்கு அது போதும். அதைவிடச் சிறியது ரவை, விரலிடுக்கில் தேய்த்தால் நறநறக்கும். நறநறப்பு அடங்கினால் மாவு.

அரிசி உப்புமாவுக்கு ரவைதான் வேண்டும். ஒரு டம்ளர் பச்சரிசி, இரண்டு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, கொஞ்சம் மிளகு, சீரகம். மிக்சியை ஒரேயடியாக ஓட்டாமல் விட்டுவிட்டு ஓட்டி, சல்லடையில் சலித்து மாவைத் தனியே எடுத்துவிட வேண்டும். பலர் சோம்பல்பட்டு விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். மாவு தங்கினால், கொதிநீரில் அதுவே முதலில் வெந்து பசையாகி ரவையைச் சூழ்ந்துகொள்ளும். உள்ளே தண்ணீர் புகாது. மேலே குழைந்தும் நடுவில் வேகாமலும் கட்டி தட்டிப்போகும். ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் சரியாக இருக்கும். சலித்தெடுத்த மாவு தோசைக்கு ஆகும்.

புட்டு மாவு சற்றே கொரகொரப்பாக இருக்க வேண்டும். நைசாக அரைத்தால் ஆவி மேலேற வழியில்லாமல் குழாய் அடைத்துக்கொள்ளும். இடியாப்பம் இதற்கு நேரெதிர்: நாலைந்து குருணை கலந்தாலும் அச்சுக்கண் அடைபட்டு இழை அறுந்துவிடும்.

குறிப்பு வெளியிடும்போது நொய், ரவை, மாவு என்று பெயர் சொல்லியே எழுதச் சொல்லுங்கள். 'பொடி'யை ரசத்துக்கும் இட்லிக்கும் விட்டுவிடலாம்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்