ஞாயிறு காலை பெசன்ட் நகர்: வர்றவங்க படிச்சிடுங்க

வணக்கம் மக்களே. காலநிலைப் பேரணிக்கு ஞாயிறு காலை 6.30 மணிக்கு எலியட்ஸ் கடற்கரை, ஷ்மிட் நினைவுச் சின்னத்துகிட்ட கூடுறோம்.

தயவுசெஞ்சு ஃப்ளெக்ஸ் வேண்டாம். போன தடவை 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்'னு ஃப்ளெக்ஸ் அடிச்சுப் பிடிச்சு நின்னோம். சுண்டல் விக்கிற அக்கா பார்த்துச் சிரிச்சாங்க. மானம் போச்சு. பழைய வேட்டியில எழுதுங்க. 2018-ல ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே காலநிலைக்காகப் போராடின பள்ளி மாணவி கிரேட்டா துன்பர்க் வெச்சிருந்ததும் பெயின்ட் அடிச்ச வெறும் பலகைதான்.

காபி ஃபிளாஸ்க்ல வரும், டம்ளர் உங்களது. பேப்பர் கப் உள்பக்கமும் பிளாஸ்டிக் பூச்சுதான். 2019 ஜனவரி 1-லேர்ந்தே தமிழ்நாட்டுல அதுக்குத் தடை. (கடையில இன்னும் அதுலதான் தர்றாங்க, அது வேற கதை.)

தனித்தனியா கார்ல வராதீங்க. பெரம்பூர்க்காரங்களுக்கு 29சி பஸ் இருக்கு.

வர்றவங்க இன்னிக்கு ராத்திரிக்குள்ள பேர் போடுங்க, பால் வாங்கணும்.