நைனா, இங்க முகத்துவாரத்தையே மூடி வச்சிருக்கானுங்க

நைனா, நல்லா இருக்கியா? அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? தங்கச்சி, இத நைனாவுக்குச் சத்தமா படிச்சுக் காட்டு, நடுவுல தாண்டிப் போவாத.

ஞாயித்துக்கிழமை லீவுக்கு இங்க சிங்கப்பூருல மெரினா பேரேஜ்னு ஒரு அணையப் பாக்கப் போனேன். பேரு தான் மெரினா, நம்ம பீச்சு மாதிரி இல்ல. தண்ணி கடல்ல போய்ச் சேர்ற வாயில 350 மீட்டருக்குக் குறுக்கா அணையப் போட்டு 9 கதவு வச்சிருக்கானுங்க, 2008ல தொறந்தது, உள்ள இருந்த உப்பெல்லாம் மழைத்தண்ணியிலயே கழுவிப் போயி இப்ப குடிதண்ணி ஏரி. நம்ம பழவேற்காட்டுல மணலேறி முகத்துவாரம் அடைச்சுக்கினா எறா உள்ள வராது, போட்டு வெளிய போவாது, ஊரே மனு எழுதிக்கினு அலையும், இங்க வேணும்னே அடைச்சிருக்கானுங்க, சிரிப்பும் வந்துச்சு வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு. கடல் வத்தத்துல மழை பேஞ்சா கதவ எறக்கித் தண்ணிய வெளிய வுட்டுர்றான். கடல் ஏத்தத்துல தொறந்தா உப்புத்தண்ணி உள்ள வந்துரும்ல, அப்ப 7 பம்பு வச்சு எறைக்கிறான். மேல புல்லுத்தரையில பசங்க காத்தாடி வுடுதுங்க.

உள்ள ஓடுற போட்டெல்லாம் டூரிஸ்ட்டுக்கு. 1983 வரைக்கும் சிங்கப்பூர் ஆத்துல கப்பல் சரக்க ஏத்திக்கினு குடோனுக்கு வந்த ஜாதி போட்டு, இப்ப அணைக்கு உள்ளயே சுத்திக்கினு கெடக்குது.

கூட வேலை செய்யுற தூத்துக்குடி அண்ணன் கனடா பக்கம் கப்பல்ல போனவரு. அங்க ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நயாகரா அருவி, கப்பல் எப்படி ஏறும்? பக்கத்துல வெல்லண்ட் கால்வாய்னு 43 கிலோமீட்டர் வெட்டி 8 லாக்கு கட்டியிருக்கான், லாக்குன்னா முன்னாடியும் பின்னாடியும் கதவு வச்ச பெரிய தொட்டி, கப்பல் அதுக்குள்ள வந்ததும் பின் கதவ சாத்திட்டு மேல இருக்குற தண்ணியத் தொறந்து வுடுவான், பம்பே கெடையாது, தண்ணி ஏற ஏற கப்பல் தானா மெதந்து மேல வரும், அப்புறம் முன் கதவு தொறக்கும், அப்படியே மொத்தமா 100 மீட்டர் ஏறிடுமாம். 225 மீட்டர் நீளக் கப்பலு நைனா, செவுத்துக்கும் அதுக்கும் ரெண்டு பக்கமும் ஒரு அடி தான் எடம். பனி உறைஞ்சா லாக்க மூடிடுவான்.

நம்ம பக்கிங்காம் கால்வாயிலயும் லாக்கு இருந்துச்சு, எங்க தாத்தா வெறகு ஏத்திக்கினு பட்டணம் போனவருன்னேன். அண்ணன் நம்பல.

ஐப்பசி மழைக்கு முகத்துவாரம் தொறந்துக்கிச்சா? இல்லன்னா எறங்கி போட்டத் தள்ளாத, உன் முதுகு இருக்குற நெலமைக்கு. காசு போட்டிருக்கேன், இன்ஜினுக்குப் புது புரப்பெல்லர் வாங்கு, மணல்ல தேஞ்சத தட்டி நிமித்திப் போடாத.