பிர்னோ ரயிலில் விளக்கோடு வந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். தமிழில் எழுதுவதால் உன்னால் படிக்க முடியாது என்றும் தெரியும். ஆனால் மனதில் இருப்பதை முழுசாகச் சொல்ல எனக்கு இந்த மொழிதான் இருக்கிறது. உன்னைப் பற்றி எங்கள் ஆட்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை அது. செக் நாட்டின் பிர்னோ நகரத்திலிருந்து வடக்கே போகிற ரயில். எதிர் சீட்டில் நீயும் இன்னொரு பையனும். கழுத்தில் சாரணர் ஸ்கார்ஃப், காலடியில் இரண்டு அரிக்கேன் விளக்குகள். இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. பட்டப்பகலில் ரயிலுக்குள் எதற்கு விளக்கு என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ப்ளான்ஸ்கோ வந்ததும் புரிந்தது. நடைமேடையில் கூட்டம். சிலர் கையில் லாந்தர், சிலர் கையில் ஜாம் பாட்டிலுக்குள் நிறுத்திய மெழுகுவர்த்தி. கதவு திறந்ததும் நீ படியில் உட்கார்ந்து விளக்கை நீட்டினாய். வண்டி நின்றது ஒரு நிமிடம் இருக்கும். மூன்று பேருக்குத்தான் உன்னால் கொடுக்க முடிந்தது. அந்த மூன்று பேரும் பின்னால் திரும்பி அடுத்தவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வண்டி நகர்ந்த பிறகும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நீ எனக்குக் கதை சொன்னாய். பெத்லகேமில், இயேசு பிறந்ததாகச் சொல்லப்படும் குகையில் எரியும் விளக்கிலிருந்து ஏற்றிய தீ, ‘அமைதி ஒளி’ என்று பெயர். 1986-ல் ஆஸ்திரிய ஒலிபரப்பு நிறுவனத்தின் லின்ஸ் நிலையம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக நிதி திரட்டும்போது இதைத் தொடங்கியது. வழக்கமாக வருடா வருடம் லின்ஸ் இருக்கும் மாகாணத்துக் குழந்தை ஒன்று போய் ஏற்றும். விமானத்தில் வியன்னா வரும். அங்கே பல நாட்டுச் சாரணர்கள் காத்திருந்து வாங்கிப்போவார்கள்.

விமானத்தில் எப்படித் தீயைக் கொண்டுவர விட்டார்கள் என்று கேட்டேன். சுரங்கத் தொழிலாளிகளின் விளக்கு என்றாய். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1815-ல் ஹம்ப்ரி டேவி செய்த அதே உபாயம்தான். சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. வலை சூட்டை இழுத்துக்கொள்வதால் உள்ளே எரியும் தீ வெளியே இருக்கும் வாயுவைப் பற்றவைக்காது. பூமிக்கடியில் ஆட்கள் வெடித்துச் சாகாமல் இருக்கச் செய்த விளக்கு, இப்போது உங்கள் தீயைச் சுமக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இடையில் ஒரு கேள்வி கேட்டேன், நினைவிருக்கிறதா? வழியில் அணைந்துபோனால் தீக்குச்சி கிழித்து ஏற்றிக்கொள்ளலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று. நீ பதில் சொல்லவில்லை. விளக்கைக் காலுக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாய். கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது. இரண்டு விளக்கு ஏன் என்று பிறகு நீயே சொன்னாய்: ஒன்று அணைந்தால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ள.

எங்கள் வீட்டிலும் கார்த்திகை மாதம் அகல் விளக்கை வாசலுக்குக் கொண்டுபோகும்போது அம்மா ஒரு கையைக் குவித்துக் காற்றை மறைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நடப்பாள். நீ படியிலிருந்து எழுந்த விதம் அப்படியே இருந்தது.

நீ ஏற்றிக்கொடுத்த தீயை வீட்டில் மூன்று நாள் வைத்திருந்தேன். மூன்றாம் இரவு ஜன்னலைச் சரியாகச் சாத்தாமல் தூங்கிவிட்டேன், அணைந்துவிட்டது. கீழ் வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். இரண்டு வருடமாக வணக்கம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் ஜன்னலில் லாந்தர் எரிந்ததைப் பார்த்திருந்தேன். மெழுகுவர்த்தியோடு போய்க் கதவைத் தட்டினேன். நான் வாய் திறப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, இனிப்பு ரொட்டி வெட்டிக் கொடுத்து, தானும் சிறு வயதில் சாரணி என்று ஒரு பழைய போட்டோவைக் காட்டினார்.

உங்கள் நாட்டுச் சாரணர் இயக்கம் மூன்று முறை தடை செய்யப்பட்டது, 1940-ல் நாஜிகள், 1950-லும் 1970-லும் கம்யூனிஸ்ட் அரசு என்று பிறகு படித்தபோது அந்தப் போட்டோதான் கண்முன் வந்தது. அதை எத்தனை வருடம் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ.

தீயைத் தபாலில் அனுப்ப முடியாது, தங்கை. யாராவது நேரில் போக வேண்டும், யாராவது எதிரில் வந்து நிற்க வேண்டும். இந்தத் தீ எந்தப் போரை நிறுத்தியது என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நிறுத்தவில்லைதான். ஆனால் டாட்ரா மலைப் பக்கம் ஸ்லோவாக் சாரணர்களும் போலந்து சாரணர்களும் வருடத்துக்கு ஒருமுறை சந்தித்தே ஆக வேண்டியிருக்கிறது. போலந்துப் பிள்ளைகள் அதை உக்ரைனின் பிளாஸ்ட் சாரணர்களிடம் கொடுக்கிறார்கள். அதே பிளாஸ்டை 1930-ல் தடை செய்தது போலந்து அரசு. இரண்டாம் உலகப் போரில் அந்த இரண்டு இனங்களுக்கும் நடுவே ஓடிய ரத்தம் கொஞ்சமில்லை. 2022-ல் ரஷ்யப் படை நுழைந்த பிறகும் அந்தக் கை நீளாமல் போகவில்லை. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

நடைமேடையில் எல்லோரிடமும் “பெத்லகேமிலிருந்து” என்று சொல்லித்தான் கொடுத்தாய். கேட்டவர்கள் மனதில் மாட்டுத் தொழுவமும் நட்சத்திரமும் வந்திருக்கும். ஆனால் அது இப்போதும் மனிதர்கள் வாழ்கிற ஊர். அதன் ஓரத்தில் சுமார் 8 மீட்டர் உயரக் கான்கிரீட் சுவர் நிற்கிறது. அங்கே உன் வயதில் இருக்கும் பாலஸ்தீனப் பெண், சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் ஜெருசலேமுக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தீ சோதனைச் சாவடியைத் தாண்டி வியன்னா போய்ச் சேர்கிறது, அவளால் பக்கத்து ஊருக்குப் போக முடிவதில்லை. 2023-ல் காசாவில் போர் நடந்ததால் பெத்லகேம் தன் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே விட்டுவிட்டது.

2020-ல் கொரோனாவால் ஆஸ்திரியக் குழந்தை போக முடியாதபோது, பெத்லகேம் பகுதிச் சிறுமி ஒருத்தியே விளக்கை ஏற்றினாள். ஊர்க்குழந்தை கையால் ஏற்றி, வெளியூர்க் குழந்தை கையில் கொடுப்பதே எல்லா வருடமும் வழக்கமாக இருக்கக் கூடாதா? அதை முடிவு செய்கிற இடத்தில் நீ இல்லை, தெரியும். ஆனால் படியில் உட்கார்ந்து விளக்கை நீட்டும்போது, தீ வந்த ஊரில் இன்றைக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல உன்னால் முடியும். வண்டி ஒரு நிமிடம்தான் நிற்கும். முதல் மூன்று பேரிடம் சொன்னால் போதும்.

இந்த முறை ஊருக்குப் போனபோது பரணில் கிடந்த அரிக்கேன் விளக்கைத் துடைத்து, கண்ணாடியை வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துவந்திருக்கிறேன். திரி புதிதாகப் போட்டாகிவிட்டது. டிசம்பரில் அந்தச் சனிக்கிழமை நான் ரயிலில் வரவில்லை, ப்ளான்ஸ்கோ நடைமேடையில் நிற்பேன். கீழ் வீட்டுப் பாட்டியும் வருகிறேன் என்றிருக்கிறார்.

அன்புடன்,
எதிர் சீட்டு அண்ணன்