அவரையைப் பிடுங்கிவிடாதே

சத்துவாச்சாரி, வேலூர்
புரட்டாசி 20

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உறையின் மேல் இன்னமும் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றுதான் எழுதுகிறாய். 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. நீ பிறந்த ஆற்காடே இப்போது எங்கள் மாவட்டத்தில் இல்லை. ஆனாலும் கடிதம் தவறாமல் வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பெயரை உன் கையெழுத்தில் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது, மாற்றாதே.

அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். குனியவிடாமல் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

சரி, அவரை விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் போட்ட விதை, மாடிப் பந்தல் முழுக்கப் படர்ந்தும் ஒரு பூகூட இல்லை, இந்த வாரம் பிடுங்கிப் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பிடுங்காதே ராஜி. இதைச் சொல்லத்தான் கடிதம் வந்த கையோடு எழுத உட்கார்ந்தேன்.

நான் அதைச் செய்திருக்கிறேன். ரிடையரான வருஷம், கிணற்றடியில் போட்ட அவரை இப்படித்தான் இலையாகவே வளர்ந்தது. இதே புரட்டாசியில் வேரோடு பிடுங்கி மதில் ஓரம் போட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக்காரர், காலமெல்லாம் நிலத்தில் இருந்தவர். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “பூக்கப்போற நேரத்துல புடுங்கிட்டியேம்மா” என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, நிஜமான வருத்தம் இருந்தது. வாடிக் கிடந்த கொடியைப் பார்க்கவே மனசு ஆறவில்லை.

நம் நாட்டுக் கொடி அவரைக்கு வயசு கணக்கில்லை, பொழுதுதான் கணக்கு. பகல் சுருங்கி இரவு நீள ஆரம்பித்த பிறகுதான் பூ எடுக்கும். நீ சித்திரையில் போட்டாலும் சரி, ஆடியில் போட்டாலும் சரி, கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்தான் பூக்கும். முன்னால் போட்டதால் உனக்குக் கிடைத்தது இலைதான். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னது சும்மா இல்லை. கடையில் விற்கும் குத்து அவரை வேறு ரகம், அது எந்த மாதத்திலும் காய்க்கும். உன்னுடையது பந்தல் ஏறியிருப்பதால் கொடி அவரைதான். கார்த்திகைக்குள் பார், இலைகளுக்கு மேலே பூந்தண்டு நிமிர்ந்து நிற்கும்.

இன்னொன்றும் கவனி. எங்கள் வீட்டில் இரண்டு கொடி உண்டு. கிணற்றடிக் கொடி ஐப்பசி கடைசியிலேயே பூத்துவிடும். கேட் பக்கத்துக் கொடி மட்டும் இருபது நாள் தள்ளிப் பூக்கிறது. ஒரே விதை, ஒரே எரு. இரண்டு வருஷம் யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது, கேட்டுக்கு நேராகத் தெருவிளக்கு. அந்தக் கொடிக்கு ராத்திரியே சரியாக வரவில்லை. உன் மாடியில் விளக்கு எரிந்தால் கொஞ்ச நாள் சீக்கிரம் அணைத்துவிடு.

அந்தப் பாட்டி சொன்னதிலிருந்துதான் நான் தோட்டத்தை நின்று பார்க்க ஆரம்பித்தேன். நாற்பது பக்க நோட்டில் தமிழ் மாதம் போட்டு எழுதி வைக்கிறேன். வேலூருக்கு வெயிலைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று நாம் படிக்கிற காலத்தில் சொல்லுவோமே, அது சரியில்லை.

மாசியில் வேம்பு இலையைக் கொட்டும். பெருக்கிப் பெருக்கி இடுப்பு போகும். பங்குனியில் செம்புநிறத் தளிர், அடுத்து பூ. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு மரத்தடியில் வேட்டி விரித்தால் போதும். சித்திரை, வைகாசி உனக்கே தெரியும். அக்னி நட்சத்திரத்தில் 105 டிகிரியைத் தாண்டுகிறது, பின்னால் இருக்கிற பாறை மலை ராத்திரி பத்து மணிக்கும் அனல் விடுகிறது. அந்த வேப்பிலைச் சருகைத்தான் செடிகளின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பிவிடுகிறேன். விலக்கிப் பார்த்தால் மத்தியானத்திலும் மண் ஈரமாக இருக்கும். முருங்கை மட்டும் அந்த வெயிலில்தான் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது நடுவில் முறிந்து விழுந்த மரத்தின் போத்து அது. ஈர மண்ணில் நட்டேன், பிடித்துக்கொண்டது.

ஆனியில் வேப்பமரத்துக் காக்கை, வேறு குரலில் கத்தும் ஒரு குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். குயில் குஞ்சு. அது வாயைத் திறந்து கத்தும்போது காக்கை காட்டுகிற அவசரத்தைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கும்.

ஆவணியில் சாயங்காலம் நாலு மணிக்கு மேகம் திரண்டு, இடி இடித்து, ராத்திரி கொட்டித் தீர்க்கும். விடிந்ததும் மண்ணில் சிவப்பாகப் பட்டுப்பூச்சி ஊரும். தீப்பெட்டியில் பிடித்து வைப்போமே, அதேதான். போன மாதம் மூன்று பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும், அது ஒன்றுதான் எனக்கு ஆகாத சமாச்சாரம். 2021 நவம்பர் உனக்கு ஞாபகம் இருக்கும். மணலாகவே பார்த்த பாலாற்றில் லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. ஊரே பாலத்தருகே போய் நின்றது. அந்த மாதம் எங்கள் கிணற்றில் குனிந்து சொம்பால் மொண்டேன் ராஜி. கயிறு இல்லாமல்!

மார்கழிக்குத்தான் நான் காத்திருக்கிறேன். டிசம்பர் பூ, பரங்கிப் பூ, பனி. அவரைப் பூவைக் கிட்டத்தில் போய்ப் பார். தண்டில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்காக விரியும். கீழே நகக்கண் அளவு பிஞ்சு வந்திருக்கும், மேலே இன்னும் மொட்டு இருக்கும். அந்த நுனியில்தான் கறுப்பு அசுவினிப் பூச்சி மொய்க்கும். மருந்தடிக்க ஓடாதே. விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போது அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவு, ஒட்டிக்கொள்ளும். தூவுவதற்கு முன் ஒரு தடவை உற்றுப் பார். குட்டி முதலை மாதிரி, கறுப்பில் மஞ்சள் புள்ளியோடு ஒரு புழு அசுவினிக்கு நடுவே நடந்தால் சாம்பலும் வேண்டாம். அது பொறிவண்டுக் குஞ்சு, அதுவே தின்று தீர்த்துவிடும். தெரியாமல் நான் எத்தனையை நசுக்கியிருப்பேனோ.

தையில் நீயும் அண்ணனும் கட்டாயம் வாருங்கள். இந்த வருஷம் முள்ளு கத்தரியும் வைத்திருக்கிறேன், இலவம்பாடி விதை. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் கத்தரிதான். காம்பிலும் இலையிலும் முள். துணி சுற்றித்தான் பறிக்கிறேன். மொச்சையும் அதுவும் போட்டு உன் அம்மா வைப்பாரே ஒரு குழம்பு, எனக்கு இன்னும் அந்தப் பக்குவம் வரவில்லை. நீ வந்து வை. பாட்டி கொடுத்த விதையின் வழி வந்த அவரை விதை ஒரு கைப்பிடி துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். பாட்டி போய் நாலு வருஷமாகிறது. விதை மட்டும் ஒவ்வொரு தையிலும் வந்துகொண்டிருக்கிறது. ஊருக்குப் போகும்போது கொண்டு போ.

எழுதும்போதே ஒரு சேதி. கறிவேப்பிலைச் செடியில் ஆறேழு புழு இருந்தன. முதலில் காக்கை எச்சம் மாதிரி இருந்தவை, அப்புறம் இலைப் பச்சைக்கு மாறின. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு நீட்டும், புளித்த வாசனை வரும். பேத்தி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பாதிச் செடி காலி, சாம்பாருக்குக் கடையில்தான் வாங்குகிறேன். ஒன்று குச்சியில் கூடு கட்டித் தொங்கி இன்றோடு பத்து நாள். நேற்றுவரை பச்சையாக இருந்தது, இன்று காலை கறுத்து, உள்ளே மடித்த இறக்கை தெரிகிறது. நாளைக் காலை ஆறு மணிக்கே எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள்.

அன்புடன்,
சாந்தி