ஏரிக்கரை சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் தனியா வாசிப்பாரு, கையிருப்பு இருக்கு, சந்தா பாக்கியும் இருக்கு, அதுல புதுசா ஒண்ணும் இல்ல. இந்த வருஷம் கமிட்டிக்கு வந்த புகார்ல முக்காவாசி தண்ணி இறங்கி வெளிய தெரியுற மணலைப் பத்திதான், அதனால அங்க முளைக்கிற ஃபாசெட் லோகோவீட் பத்தி கொஞ்சம் பேசிடறேன்.

புதுசா வீடு வாங்குனவங்களுக்காக: பட்டாணிக் குடும்பத்துச் செடி, இலை பூரா வெள்ளி நிறத்துல பட்டு மாதிரி மயிர், மே ஜூன்ல ஊதாப் பூ. உலகத்துலயே அமெரிக்காவுல நம்ம விஸ்கான்சின் மாநிலத்துல மட்டும்தான் இருக்கு, அதுவும் நம்ம வஷாரா, பக்கத்து போர்ட்டேஜ், வடக்க பேஃபீல்ட் கவுண்டின்னு சில ஏரிக்கரைலதான். 1988லயே ஃபெடரல் பாதுகாப்பு லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க.

"மணல் அசிங்கமா இருக்கு, தண்ணிய ஒரே மட்டத்துல நிறுத்த முடியாதா"ன்னு சிலர் கேட்டீங்க. நம்ம ஏரிக்கு ஓடை வந்து சேர்றதும் இல்ல, வெளிய போறதும் இல்ல, எல்லாம் நிலத்தடி நீர், மழைய பொறுத்து ஏறும் இறங்கும், அந்தச் செடிக்கு அதுதான் வேணும். தண்ணி ஏறினா கரையில வளர்ந்த புதரும் மரக்கன்னும் முங்கிச் செத்துடும், செடியும் சேர்ந்துதான் போகும், ஆனா விதை மணலுக்குள்ளயே கிடக்கும், திரும்ப தண்ணி இறங்கி வெயில் நல்லா பட்டா முளைச்சு வரும். மட்டம் மாறாம நின்னா புல்லும் புதரும் மூடி நிழல்லயே செடி போயிடும். அதனால அந்த யோசனைய கமிட்டி ஏத்துக்கல, என்னைக் கேட்டா அதுதான் சரி.

உருளைக்கிழங்கு வயலுக்கு போர் போட்டு உறிஞ்சறது வேற கதை. 2021ல டிஎன்ஆர், அதாவது மாநில இயற்கை வளத் துறை, முடிச்ச ஆய்வுல லாங் லேக் அதனால கணிசமா பாதிக்கப்படுதுன்னு வந்துச்சு. இறங்கறது மட்டும் நடந்து திரும்ப ஏறலன்னா செடிக்கும் கெடுதல், நம்ம படகுக்கும் கெடுதல்.

இன்னொண்ணு, அந்த மணல் "என் பீச்" இல்லீங்க. இயற்கை ஏரியோட தரை உயர்நீர்க் கோடு (தண்ணி வழக்கமா ஏறி நிக்கிற அடையாளம்) வரைக்கும் மாநிலத்துக்குச் சொந்தம், அதுல ஏடிவி (மணல், மேடு பள்ளத்துல ஓட்டுற நாலு சக்கர வண்டி) ஓட்டக்கூடாது, சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. கோட்டுக்கு மேல உங்க சொந்த நிலத்துல செடி இருந்தா பெரும்பாலும் சட்டம் அதைக் காப்பாத்தாது, நீங்களா பாத்து விட்டாதான் உண்டு. புல்வெட்டி ஓட்டாதீங்க, வெளி மணல் கொண்டுவந்து கொட்டாதீங்க.

பூக்குற சீசன்ல செடியைச் சுத்தி கயிறு கட்ட ஆள் வேணும், விருப்பம் இருக்கவங்க காபி மேசைகிட்ட பேர் எழுதிடுங்க. டாக் (படகு கட்டுற மேடை) கழட்டுற தேதி நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு.