மேசையை எடுத்துவிட்டோம், நன்றி பாக்கி இருக்கிறது

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர்கள், லோடு ஏற்றி இறக்கும் அண்ணன்கள், தரம் பிரிக்கும் அக்காக்கள், டீக்கடை, ஐஸ் கடை, தையல் கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், 108 ஊழியர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரையில் போட்ட முதலுதவி மேசையை, மாங்காய் வரத்து குறைந்ததும் எடுத்துவிட்டோம். மேசையும் மருந்துப் பெட்டியும்தான் எங்களுடையவை. வேலைக்கு ஆனதெல்லாம் பெரும்பாலும் நீங்கள் கொடுத்த பொருள். எது எதற்கு உதவியது என்று எடுத்துச் சொல்லி நன்றி சொல்வதுதான் மரியாதை.

முதல் நன்றி ஐஸ் கொடுத்தவருக்கும், கேட்குமுன்னே போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டவருக்கும். வெயிலில் விழுந்தவர் உளறினாலோ, பேர் கேட்டால் சொல்லத் தெரியாமல் விழித்தாலோ, வலிப்பு வந்தாலோ அது வெறும் மயக்கமில்லை, ஹீட் ஸ்ட்ரோக். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 ஃபாரன்ஹீட்டைத் தொட்டிருக்கும். வேர்வை நின்று தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நம்புகிறார்கள். மூட்டை தூக்கும்போதே விழுந்தவருக்கு வேர்வை கொட்டிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே தோலை வைத்து முடிவு கட்டாதீர்கள், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒருவர் 108-க்குப் பேசும்போதே இன்னொருவர் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட வேண்டும். வண்டி வரட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சூடு மூளையையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிற வேண்டும். ஈர வேட்டியைப் போர்த்திவிட்டு ஒதுங்கி நிற்பது பெரிய பிசகு. கொஞ்ச நேரத்தில் வேட்டியும் உடம்பளவு சூடாகிவிடும், காற்றில்லாமல் ஈரமும் ஆவியாகாது. சூட்டை எடுத்துக்கொண்டு போவது அந்த ஆவிதானே. டேபிள் ஃபேன் இரவல் கொடுத்தவர்கள் இதைப் படித்தால், உங்கள் ஃபேன் செய்த வேலை இதுதான். ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்தின் இரு பக்கம், அக்குள், தொடை இடுக்கு என்று வைக்கச் சொன்னதும் காரணத்தோடுதான்: பெரிய ரத்தக்குழாய்கள் அங்கே தோலை ஒட்டி ஓடுகின்றன. நெற்றியில் மட்டும் வைத்தால் போதாது.

பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு ஓடி வந்த தம்பிகளுக்கும் நன்றி, ஆனால் அது இங்கே கேட்காது. காய்ச்சலில் மூளையே உடம்புச் சூட்டின் அளவை ஏற்றி வைத்திருக்கும், மாத்திரை அதை இறக்கும். வெயிலில் ஏறிய சூட்டுக்கு அந்தக் கணக்கே கிடையாது. சோடாவும் அப்படித்தான். நினைவு தெளியாதவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், போதும்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்று வந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தவர்கள்தான் மேசைக்கு அதிகம் வந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டது டீக்கடை. நிழலில் படுக்க வைத்து, காலி டிரேயைக் கவிழ்த்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்து, ஓஆர்எஸ் என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தால் பெரும்பாலும் அரை மணியில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். உட்காராவிட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ ஆஸ்பத்திரிதான். இதில் டீக்கடை அண்ணன் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில்களைக் கழுவி, கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்தார்: நூல் வரை தண்ணீர், அதற்கு ஒரு பெரிய பாக்கெட். பார்க்க அற்பம். ஆனால் அந்தப் பாக்கெட்டை முழுசாக ஒரு டம்ளரில் கொட்டிக் குடித்தால் வாய் கரிக்கும், குமட்டல் கூடும், குடல் உடம்பில் இருக்கிற நீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கரைத்ததை வாய் வாயாகக் குடிக்கணும், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாக்கெட் தீர்ந்த நாளில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. சர்க்கரை ருசிக்காக இல்லை, குடல் உப்பை உள்ளே இழுக்க அது துணை வேண்டும். மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்த அக்காக்களுக்கு நாங்கள் பாடம் சொல்லத் தேவையில்லை.

தையல் கடைக்காரர் கொடுத்தது காடாத் துணி. ஒரு மீட்டர் சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டு. அடிபட்ட கையைத் தாங்கும் தொட்டிலுக்கும் ஆகும், மடித்தால் அழுத்துக் கட்டுக்கும் ஆகும். வெட்டுமுன் அவரே வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டார். கஞ்சியோடு இருந்தால் துணி ரத்தத்தை உறிஞ்சாது.

வெட்டுக்காயத்தை இறுக்கி அழுத்தி, 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் இருந்த அண்ணன்களுக்கும் நன்றி. நடுவில் திறந்து பார்த்தால் உறைந்துவந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஓடும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. ஒரே ஒரு மனக்குறை: காயத்தில் காபித்தூள் அப்பிக்கொண்டு வருவதை இன்னும் சிலர் விடவில்லை. ரத்தம் நிற்பது அழுத்தத்தில். தூள் காயத்துக்குள் அழுக்காகத் தங்கும், தையல் போடும் டாக்டர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். தீக்காயத்துக்கு இங்க், பேஸ்ட், மாவு வைப்பதும் இந்த ரகம்தான். குழாய்த் தண்ணீர் 20 நிமிடம், வீங்குமுன் வளையல் மோதிரத்தைக் கழற்றுவது, கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுவது, அவ்வளவே.

காம்பு ஒடிக்கையில் பீய்ச்சும் மாங்காய்ப் பால் தோலைப் பொசுக்கும். உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி வாளியும் சோப்பும் வைத்த மண்டிகளுக்குத் தனி நன்றி. கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், இமையைப் பிரித்துப் பிடித்து 15 நிமிடமாவது நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள்.

ஆட்டோக்காரர்களே, விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிப்போனால் கேஸ் வரும் என்று நீங்கள் தயங்கியது தெரியும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவியவரைப் பாதுகாக்கிறது. உங்கள் பேரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கழுத்திலோ முதுகிலோ அடி என்றால் மட்டும், அங்கே வேறு ஆபத்து இல்லாதவரை, அசைக்காமல் 108-க்கு விட்டுவிடுங்கள்.

இரவல் வாங்கிய இரண்டு ஃபேன், ஒரு அண்டா, நான்கு வாளி, பதினோரு டிரே எல்லாம் கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். ஒரு ஃபேனின் வயரை எலி கடித்திருந்தது, புது வயர் போட்டாயிற்று. அண்டாவின் மூடியை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
முதலுதவி மேசைக் குழுவினர்,
கிருஷ்ணகிரி